மாடியே எல்லைக்கோடு: வடசென்னைப் பந்தயப் புறாவின் ஆட்ட வாழ்வும் முகவரியும்

ஆய்வுச் சுருக்கம்

ராயபுரம் முதல் எண்ணூர் வரை நீளும் துறைமுகத் தொழிற்பகுதியில், வீட்டு மாடிகளில் வளர்ந்து, தொலைவிலிருந்து வீடு திரும்பும் ஹோமர் புறாவின் பந்தய வாழ்வை இக்கட்டுரை ஆராய்கிறது. இங்கிலாந்தின் கிரேஹவுண்ட் ஓட்டத்தோடும் கிண்டிக் குதிரைப் பந்தயத்தோடும் அதை ஒப்பிட்டு, ஒரு விலங்கு 'சாம்பியன்' ஆவதில் நிலத்துக்கு உள்ள பங்கை எடுத்துக்காட்டுகிறது. நாயின் வெற்றி அரங்கத்தைச் சார்ந்தது. புறாவின் வெற்றி ஒரு வீட்டு முகவரியைச் சார்ந்தது. சொந்தமாக ஓடுகளம் வாங்க வழியில்லாத உழைப்பாளி, பந்தயத்தின் எல்லைக்கோட்டைத் தன் தலைக்கு மேலேயே வைத்துக்கொள்ள இது இடம் கொடுத்தது. அந்த வீடு பெயர்க்கப்படும் நாளில் பறவையின் ஆட்ட வாழ்வு முடிந்துபோவதும் இதே காரணத்தால்தான் என்பது கட்டுரையின் வாதம்.

1. முன்னுரை

லண்டனுக்கு வடமேற்கே டிரிங் என்ற சிற்றூரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், பாடம் செய்த கிரேஹவுண்ட் நாய் ஒன்று கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. மிக் தி மில்லர் என்று பெயர். 1926-இல் அயர்லாந்தின் கில்லி என்ற ஊரில் ஒரு பாதிரியார் வளர்த்த நாய்க்குப் பிறந்தது. 1929, 1930 என அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் லண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் டெர்பி பட்டத்தை வென்றது. 525 கெஜத்தை 30 வினாடிக்குள் கடந்த முதல் கிரேஹவுண்ட் அதுவே. தொடர்ச்சியாக 19 பந்தயங்களில் வென்று, 1931-இல் வெம்பிளியில் செயின்ட் லெஜர் பட்டத்தோடு ஓய்வு பெற்று, 1939-இல் இறந்தது. பிறப்பு, வெற்றி, ஓய்வு, இறப்பு என ஒரு மனிதரின் வரலாற்றைப்போல எழுதிவிடக்கூடிய வாழ்வு அது. ஆயிரக்கணக்கானோர் அது ஓடியதைக் கண்ணால் பார்த்தார்கள்.

வடசென்னையில் இதற்கு நிகரான விலங்கைத் தேடினால் வானத்தைத்தான் பார்க்க வேண்டும். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்து மாடிகளில் கம்பி வலையும் பலகையும் கொண்டு அடித்த கூண்டுகளில் வளரும் ஹோமர் புறாதான் அந்த விலங்கு. ஆனால் அதன் வரலாற்றை மிக் தி மில்லரின் வரலாற்றைப்போல எழுத முடியாது. பெரும்பாலான பறவைகளுக்குப் பெயர் கிடையாது. காலில் கிடக்கும் வளையத்தின் எண்தான் பெயர். பறந்ததைப் பார்த்த சாட்சியும் கிடையாது. காலையில் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் திறந்துவிட்டார்கள். பிறகு மாடியில் வந்து இறங்கியது. இடைப்பட்ட வழியெல்லாம் வெற்றிடம்.

யாரும் பார்க்காத ஓட்டத்தில் ஒரு விலங்கு எப்படிச் சாம்பியன் ஆகிறது? அந்தப் பட்டம் எதைச் சார்ந்து நிற்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை, பறவையின் சிறகைவிட அது இறங்கும் இடத்தில் இருக்கிறது.

2. களம் யாருடையது?

கிரேஹவுண்ட் ஓட்டம் பழைய முயல் வேட்டையின் நகர வடிவம். 1919-இல் ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்ற அமெரிக்கர், கலிபோர்னியாவின் எமரிவில்லில் இயந்திர முயலை ஓடவிட்டு நாய்களைத் துரத்தச் செய்தார். 1926 ஜூலை 24-இல் மான்செஸ்டரின் பெல் வியூவில் இங்கிலாந்தின் முதல் ஓட்டம் நடந்தது. நீள்வட்டத் தடம், மின்விளக்கு, இருக்கை வரிசை, பந்தயத் தொகை கட்டும் சாளரம் எல்லாம் ஒரே மதிலுக்குள் வந்தன. எல்லா நாய்களும் ஒரே இடத்தில் புறப்பட்டு ஒரே கோட்டைத் தொடும். நாய் எவருடையதாகவும் இருக்கலாம், தடம் கம்பெனியுடையது.

தடம் போனால் என்ன ஆகும் என்பதையும் வரலாறு காட்டிவிட்டது. மிக் வென்ற ஒயிட் சிட்டி 1984-இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. டெர்பி விம்பிள்டனுக்குப் பெயர்ந்தது. அந்த அரங்கும் 2017-இல் மூடியது. நகர நிலத்தின் விலை ஏற ஏற, நாய் ஓடும் இடம் குறைந்துகொண்டே வந்தது.

கிண்டியின் கதையும் இந்த வகைதான். குதிரைப் பந்தயம் சூதா, திறமையா என்ற வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், அது திறமை சார்ந்த ஆட்டமே என்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் வென்ற மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்கு நிலத்தில் தலைவலி காத்திருந்தது. 1945-இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற 160 ஏக்கருக்கும் மேற்பட்ட இடத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் தமிழக அரசு ரத்து செய்து, வளாகத்தைப் பூட்டி முத்திரை வைத்தது. குதிரைக்குத் திறமை இருக்கலாம், காலூன்ற ஏக்கர் கணக்கில் இடம் வேண்டும்.

தமிழ்நாட்டிலும் பார்வையால் துரத்தும் வேட்டைநாய் இனங்கள் உண்டு. சிப்பிப்பாறையும் கன்னியும் மெலிந்த இடுப்பும் நீண்ட காலுமாக, தோற்றத்தில் கிரேஹவுண்டுக்கு நெருங்கியவை. ஆனால் அவை தென்மாவட்டக் கரிசல் வெளியில் உருவானவை. கண்ணுக்கெட்டிய தூரம் திறந்த நிலம் அவற்றுக்கு வேண்டும். வடசென்னையில் அந்த நிலம் எப்போதோ பங்கு போய்விட்டது. 1856-இல் ராயபுரத்தில் ரயில் நிலையம் வந்தது. அடுத்த இருபதாண்டுகளில் துறைமுகப் பணி தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் எழுந்தன. 1969-இல் மணலி சுத்திகரிப்பு ஆலையும் 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையமும் இயங்கத் தொடங்கின. உப்பளம், கழிமுகம், மணல்மேடு என்று கிடந்தவையெல்லாம் காம்பவுண்டுச் சுவருக்குள் போயின. உழைக்க வந்தவருக்குக் கிடைத்தது ஒண்டுக்குடித்தன அறையும், ஏணி சாத்தி ஏறக்கூடிய ஒரு மொட்டைமாடியும். நாலடிக்கு ஆறடிக் கூண்டுக்கு அது போதும். நாய்க்குப் போதாது.

இங்குள்ள புறா ஆட்டங்கள் மூவகை. நெடுநேரம் வானில் நிற்கும் 'சாதா', பறந்தபடியே குட்டிக்கரணம் போடும் 'கர்ணம்', தொலைவிலிருந்து வீடு திரும்பும் 'ஹோமர்'. 2015-இல் பாலாஜி மோகன் இயக்கிய 'மாரி' திரைப்படம் புறாப் பந்தயத்தைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. பேட்டை ரவுடியின் பொழுதுபோக்கு என்ற முத்திரையும் அதோடு சேர்ந்து ஒட்டிக்கொண்டது. சாதாவும் கர்ணமும் புறப்படுவதும் இறங்குவதும் ஒரே மாடி. பார்க்க ஆட்கள் கூடுவார்கள். ஹோமர் பந்தயத்தில் புறப்படும் இடம் எல்லோருக்கும் பொது, இறங்கும் இடம் அவரவர் வீடு. நூறு பறவைகள் போட்டியிட்டால் கோடுகளும் பல. ஒவ்வொரு மாடியும் ஓர் எல்லைக்கோடு.

3. வட மார்க்கமே பள்ளிக்கூடம்

ஹோமரின் ஆட்ட வாழ்வு முட்டை உடைந்த ஒரு வாரத்தில் தொடங்கிவிடுகிறது. இணைப்பில்லாத உலோக வளையத்தைக் குஞ்சின் முன்விரல்கள் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து நுழைத்து, பின்விரலைத் தாண்டிக் காலில் ஏற்றுவார்கள். நாலு நாள் தாமதித்தால் கால் பருத்துவிடும், வளையம் ஏறாது. ஏறியதைப் பின்னால் வெட்டாமல் கழற்றவும் முடியாது. ஆண்டும் எண்ணும் பொறித்த அந்த வளையம்தான் பறவையின் பிறப்புச் சான்றும் அடையாள அட்டையும். பேட்டையின் வேறெந்த ஆட்டத்திலும் இவ்வளவு கறாரான ஆவணம் இல்லை. வடசென்னைக் குத்துச்சண்டையின் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் பரம்பரைகளின் புகழ் பெரிதும் வாய்மொழி நினைவில் வாழ்வது. புறாவின் புகழ் நோட்டுப் புத்தகத்தில் வாழ்வது.

ஏறக்குறைய நாலாம் வாரத்தில் குஞ்சைத் தாய் தந்தையிடமிருந்து பிரித்து, கூண்டின் மேல்தட்டில் உட்காரப் பழக்குவார்கள். இந்த நாட்களில்தான் முகவரி பதிகிறது. பறக்கத் தெரியாத குஞ்சு கம்பி வலைக்குள் இருந்தபடி பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியையும், தேவாலயக் கோபுரத்தையும், துறைமுகத்துக் கிரேனையும் பார்க்கிறது. பிறகு கூரையைச் சுற்றி வட்டம், அதைவிடப் பெரிய வட்டம். ஒருமுறை நன்றாகப் பறந்து பழகிய பறவையை வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோய்த் திறந்துவிட்டால், பெரும்பாலும் பழைய மாடிக்கே திரும்பிவிடும்.

அடுத்த கட்டம் கூடைப் பயிற்சி. சென்னையின் வடக்குப் புறநகர் ரயில் பாதை இதற்கென்றே போட்டதுபோல் அமைந்திருக்கிறது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்ற நிலையப் பெயர்கள் புறாக் கூண்டுகளின் முகவரிகள். அதே பாதையில் மேலே போனால் மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூளூர்ப்பேட்டை என்ற நிலையங்கள் பயிற்சித் தலங்கள். ராயபுரத்திலிருந்து நேர்கோட்டில் கும்மிடிப்பூண்டி சுமார் 38 கிலோமீட்டர். சூளூர்ப்பேட்டை 70-ஐத் தாண்டும். வேலைக்குப் போகிற வழியில் கூடையை எடுத்துக்கொண்டு போய், இறங்கிய நிலையத்தில் திறந்துவிட்டு, வீட்டிலிருப்பவரிடம் போனில் நேரம் கேட்டுக்கொள்ளலாம். ஓடுகளத்துக்குக் கட்ட வேண்டிய வாடகையை இங்கே ரயில் சீட்டு தீர்த்துவிடுகிறது.

பந்தயப் பருவம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு தொடங்கி, அக்னி நட்சத்திரத்துக்கு முன் முடிகிறது. ஓங்கோல், விஜயவாடா என்று தொடங்கும் தூரம், நாக்பூர், இட்டார்சி, போபால், ஜான்சி என்று மத்திய இந்தியாவுக்குள் நுழைந்து தில்லி வரைகூட நீளும். நேர்கோட்டில் விஜயவாடா ஏறத்தாழ 380 கிலோமீட்டர், நாக்பூர் 900, தில்லி 1,750. இதில் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத கஷ்டம் ஒன்று உண்டு. ஜனவரிக் காலையில் வடகிழக்குக் காற்று பறவையின் முதுகைத் தள்ளும். மார்ச் பிறந்ததும் கரையோரக் காற்று தெற்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வீசத் தொடங்கும். தெற்கு நோக்கி வரும் பறவைக்கு அது எதிர்க்காற்று. தூரம் கூடும் மாதத்திலேயே காற்றும் எதிராகிறது. ஜனவரியில் முதலாவதாக வந்த பறவை ஏப்ரலில் காணாமல் போவதற்கு இந்தக் காற்று பாதிக் காரணம்.

பறவை வழி கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்விக்கு அறிவியல் ஒரே விடை தரவில்லை. ஜெர்மனியின் குஸ்டாஃப் கிராமர் சூரியனைத் திசைகாட்டியாகக் கொள்ளும் பறவைத் திறனை 1950-களில் நிறுவினார். அமெரிக்காவின் வில்லியம் கீட்டன் 1971-இல், புறாவின்மேல் காந்தத்தைக் கட்டி மேகமூட்ட நாளில் பறக்கவிட்டால் திசை குழம்புவதைக் காட்டினார். இத்தாலியின் ஃபுளோரியானோ பாப்பி 1972-இல் மோப்பத்தின் பங்கை முன்வைத்தார். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட முடிவு நம் வாதத்துக்கு மிக நெருக்கமானது: ஒரே இடத்திலிருந்து பலமுறை திறந்துவிட்ட புறாக்கள், தத்தமக்கென்று ஒரு வழியை வகுத்துக்கொண்டு, அது சுற்றுவழியானாலும் அதையே பிடித்துக்கொண்டு வந்தன. ஆகப் பறவையின் திறமையில் கணிசமான பங்கு, குறிப்பிட்ட ஓர் ஊரைப் பற்றிய அறிவு. பழவேற்காட்டு ஏரி, எண்ணூர்க் கழிமுகம், மணலியின் புகைபோக்கிகள் என்று மேலிருந்து படித்த பாடம் அது. வேறு ஊரில் அதற்கு மதிப்பில்லை.

4. கணக்கில் பிறக்கும் வெற்றி

ஒவ்வொரு மாடியும் ஓர் எல்லைக்கோடு என்றால், முதலில் வந்த பறவை வென்ற பறவையாகாது. ஓர் எடுத்துக்காட்டு. காலை 6.30-க்கு ஓங்கோலில் திறந்துவிடுகிறார்கள். எண்ணூர் மாடிக்கு 255 கிலோமீட்டர். ராயபுரம் மாடிக்கு 266. எண்ணூர்ப் பறவை 10.04-க்கு இறங்குகிறது. ராயபுரம் பறவை 10.12-க்கு. எட்டு நிமிடம் பின்தங்கிய ராயபுரம் தோற்றதா? எண்ணூர்ப் பறவைக்கு 214 நிமிடம்: நிமிடத்துக்கு 1,191.6 மீட்டர். ராயபுரம் பறவைக்கு 222 நிமிடம்: நிமிடத்துக்கு 1,198.2 மீட்டர். ராயபுரத்துக்கே பரிசு. அந்தப் பதினோரு கிலோமீட்டரைக் கடக்க இந்த வேகத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேலாகும். எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டதாகக் கணக்கு சொல்கிறது.

இந்தக் கணக்கு நடக்க மூன்று பொருள்களில் ஐயம் இருக்கக்கூடாது: தூரம், நேரம், பறவை. மூன்றையும் தனித்தனியே பூட்டி வைக்கிறது பந்தய முறை. ஒவ்வொரு மாடியின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் கிளப் குறித்து வைத்திருக்கும். முந்தின இரவு உறுப்பினர்கள் முன்னிலையில் பறவையின் காலில் எண்ணிட்ட ரப்பர் வளையம் மாட்டப்படும்; அந்த எண் வளர்ப்பவருக்குத் தெரியாதபடி பதிவாகும். கடிகாரங்கள் ஒன்றாக முடுக்கப்பட்டு முத்திரையிடப்படும். இப்போது மின்னணு வளையமும் தானியங்கிப் பதிவுப் பலகையும் வந்திருந்தாலும் தர்க்கம் மாறவில்லை.

பழைய முறையின் கடைசி நிமிடத்தை அருகிலிருந்து பார்த்தால் இந்த ஆட்டத்தின் இயல்பு புரியும். மாடியில் வெள்ளைத் துணி எதுவும் காயக்கூடாது; கொடியை முதல் நாளே அவிழ்த்திருப்பார்கள். பத்து மணிக்குமேல் யாரும் நிமிர்ந்த கண்ணை இறக்குவதில்லை. "இன்னா நைனா, வந்துச்சா?" என்று அடுத்த மாடியிலிருந்து குரல் வரும், பதில் வராது. வடக்கே ஒரு புள்ளி. அது பருந்தாக இருக்கலாம். புள்ளி சிறகை மடக்கிச் சரிந்தால் ஹோமர். கூரை விளிம்பில் இறங்கியும் வேலை முடிவதில்லை. பறவை கூண்டுக்குள் நுழைய வேண்டும். பிடித்து, ரப்பர் வளையத்தை உருவி, சின்ன உலோகக் குப்பியில் இட்டு, கடிகாரத்தின் துளையில் போட்டுக் கைப்பிடியைத் திருகினால்தான் நேரம் அச்சாகும். பறவை ஓட்டின்மேல் நின்று கோதிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு நிமிடமும் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் கைநழுவுகிறது. கம்பும் பச்சைப்பயறும் போட்ட டப்பாவைக் குலுக்கி, நாவால் ஒலியெழுப்பி அழைப்பார்கள். கத்தக்கூடாது, ஓடக்கூடாது. 266 கிலோமீட்டர் கடந்து வந்த பந்தயத்தைக் கடைசி ஆறடி தீர்மானிக்கிறது. அந்த ஆறடி பறவைக்கும் வளர்ப்பவருக்கும் இடையிலான பழக்கத்துக்கு வைக்கும் பரீட்சை. பசி, ஜோடியின் நினைவு, அடைகாக்க விட்டு வந்த முட்டை ஆகியவற்றில் எது இந்தப் பறவையை நேரே உள்ளே இழுக்கும் என்று தெரிந்து வைத்திருப்பவரே கைதேர்ந்த புறாக்காரர்.

முத்திரையிட்ட பெட்டி, எண்ணிட்ட அடையாளம், உறுப்பினர் சாட்சி, நிமிடக் கணக்கு. துறைமுகத்திலும் சரக்கு ரயில் முற்றத்திலும் பணிமனை வாயிலிலும் நாள் முழுதும் இந்த மொழியில் புழங்கியவர்களுக்கு அது புதிதல்ல. வருகைப் பதிவின் நிமிடக் கணக்கில் கூலிப் பிடித்தத்துக்கு ஆளான கை, ஞாயிறன்று அதே நிமிடக் கணக்கில் தன் பறவைக்காக வழக்காடுகிறது. இந்தப் பகுதியில் ஹோமர் வேரூன்றியதற்குப் பொழுதுபோக்கு ஆசையோடு இந்தப் பழக்கமும் காரணம் என்பது என் கருத்து.

5. விற்க முடியாத ஓட்டம்

மிக் தி மில்லர் 1929 டெர்பியின்போது 800 கினிக்குக் கைமாறியது. புதிய உரிமையாளருக்காக ஓடி வென்றது. பிறகு இன்னொருவரிடம் போய் அவருக்காகவும் வென்றது. நாயின் கால் யாருக்கும் ஓடும். குதிரைக்கும் இதுவே பொருந்தும்.

புறாவின் சந்தை வேறுவிதம். 2019-இல் பெல்ஜியத்தின் அர்மாண்டோ என்ற புறா 12.5 லட்சம் யூரோவுக்கும், 2020 நவம்பரில் நியூ கிம் என்ற பெட்டை 16 லட்சம் யூரோவுக்கும் ஏலம் போயின. இந்த விலை ஓட்டத்துக்குக் கொடுத்ததன்று. வாங்கியவர் தம் ஊரில் திறந்துவிட்டால், பறவை வழி தெரியாமல் போகும் அல்லது பழைய வீட்டைத் தேடும். விலை முழுதும் முட்டைக்குத்தான். வென்ற பறவையை வாங்குகிறவர் வெற்றியை வாங்குவதில்லை. அதன் குஞ்சு தன் மாடியை முகவரியாகக் கற்கும் என்ற நம்பிக்கையை வாங்குகிறார்.

வடசென்னையிலும், அளவு சிறிதானாலும், முறை இதுதான். கூண்டில் மூன்று வகுப்பு உண்டு: பந்தயத்துக்குப் போகும் இளம் பறவைகள், பல பருவம் பார்த்த முதியவை, வெளியே விடாத இனவிருத்தி ஜோடிகள். நெடுந்தூரம் வென்ற பறவையை மூன்றாம் வகுப்புக்கு மாற்றுவதே அதற்குத் தரும் ஓய்வூதியம். முன்பு வானத்துக்கு உரியதாயிருந்தது, இனிக் கம்பி வலைக்குள். ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈடு குஞ்சுகள், ஈடுக்கு இரண்டு முட்டை, பதினெட்டு நாள் அடை. கிரேஹவுண்டின் முடிவு கண்ணாடிப் பெட்டி என்றால், ஹோமரின் முடிவு வம்சாவளிக் காகிதம். குத்துச்சண்டைக்காரர் 'பரம்பரை' என்று சொல்லும்போது ஆசான் வழியைக் குறிக்கிறார். புறாக்காரர் அதே சொல்லை இரத்த வழிக்குப் பயன்படுத்துகிறார்.

6. இரண்டு மறுப்புகள்

இந்த வாதத்துக்கு வரக்கூடிய மறுப்புகளில் இரண்டு வலுவானவை.

முதலாவது, வீட்டுப் பிணைப்பு அவ்வளவு இறுக்கமானதா என்பது. முதல் உலகப் போரில் படைகள் வண்டிகளில் நகரும் புறாக் கூண்டுகளை வைத்திருந்தன. கூண்டு நகர்ந்தாலும் பறவை திரும்பியது. ஒடிசாக் காவல்துறை 1946-இல் தொடங்கிய புறா அஞ்சலும் கட்டுப்பாடான பயிற்சியில் நெடுங்காலம் நடந்து, 1999-இன் பெரும்புயலின்போதும் கைகொடுத்தது. ஆகப் பறவையால் பழக முடியும். ஆனால் அந்த நகரும் கூண்டுப் பறவைகளைக் குஞ்சிலிருந்தே அந்த வண்டிக்கென்று பழக்கினார்கள். தீனிக்கும் ஆளுக்கும் அரசு செலவழித்தது. வீடு பெயர்க்கப்படும்போது, பந்தயத்தில் தேறிய பறவையை ஒரே நாளில் இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றும் நிலைமையோடு அதை ஒப்பிட முடியாது. விதிவிலக்கு விதியை உறுதிப்படுத்துகிறது என்று சொல்லித் தப்பிக்கத் தேவையில்லை. அந்த விதிவிலக்குக்கு ஆகும் செலவு இங்கே யாரிடமும் இல்லை என்பதே விடை.

இரண்டாவது மறுப்பு அறம் சார்ந்தது. புறாப் பந்தயம் பறவைகளைத் தொலைக்கும் ஆட்டம். 1997 ஜூனில் பிரிட்டனின் ராயல் புறாப் பந்தயச் சங்கம் தன் நூற்றாண்டையொட்டி பிரான்ஸின் நாண்ட் நகரிலிருந்து சுமார் 60,000 பறவைகளைத் திறந்துவிட்டது. அவற்றில் பெரும் பகுதி திரும்பவே இல்லை. கான்கார்டு விமானத்தின் ஒலி அதிர்ச்சி காரணமாயிருக்கலாம் என்று பின்னர் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். நம் வட மார்க்கத்தில் கான்கார்டு வேண்டியதில்லை: வல்லூறு, மின்கம்பி, வெயில், எதிர்க்காற்று, வேறு மாடிக்காரரின் வலை ஆகியவை போதும். துறைமுகக் கிடங்கில் சிந்திய தானியத்துக்கு வரும் மாடப்புறாக் கூட்டத்தில் கலந்து, காலில் வளையத்தோடு வாழ்ந்து முடியும் ஹோமர்களும் உண்டு. இந்த இழப்பை மறைத்து எழுதினால் கட்டுரை விளம்பரமாகிவிடும். கிரேஹவுண்ட் ஓட்டத்தின் குற்றப் பட்டியலில் ஓய்வு பெற்ற நாய்களின் கதி முதலிடம் பெறுகிறது. புறாவில் இழப்பு ஓய்வுக்கு முன்பே, பந்தயத்துக்குள்ளேயே நேர்கிறது. தூரத்துக்கும் வெயில் நாளுக்கும் வரம்பு கட்டுவதும், வராத பறவைகளின் எண்ணிக்கையை முடிவுகளோடு சேர்த்து வெளியிடுவதும் கிளப்புகள் தாமே செய்துகொள்ளக்கூடிய சீர்திருத்தம். வென்ற பறவைக்கு மீட்டர் கணக்கில் நேர்மை காட்டும் அமைப்பு, வராத பறவைக்கும் அந்த நேர்மையைக் காட்ட வேண்டும்.

சூது என்ற குற்றச்சாட்டை இங்கே சுருக்கமாகத் தொட்டால் போதும். பணம் கட்டுவது நடக்கிறது என்றால் அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் கிண்டிக் குதிரையில் திறமையைக் கண்ட கண்ணுக்கு, ரப்பர் வளையத்திலும் எதிர்க்காற்றிலும் திறமை தெரியாமல் போக நியாயமில்லை.

7. முகவரி பெயரும்போது

இப்போது நிலத்துக்குத் திரும்புவோம். வடசென்னைக் கரை நிலையான கரையன்று. துறைமுகத்தின் கல்சுவர் கடலோர மணல் ஓட்டத்தை மறித்ததால், தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் முதல் கரை அரிபட்டது. வீடுகள் கடலுக்குள் போயின. கல் கொட்டித் தடுப்பு கட்டினார்கள். 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை கடலோரக் குடும்பங்களை இடம்பெயர்த்தது. சாலை, கால்வாய்ச் சீரமைப்பு என்ற பெயரில் நகரின் பல குடியிருப்புகள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய தென்கோடிகளுக்குப் பெயர்க்கப்பட்டன. மறுகுடியமர்வின் சிக்கல்கள் பற்றி, வேலைத் தூரம், பள்ளி, பேருந்து என்று நிறைய எழுதியாயிற்று. புறாக் கூண்டு எந்தக் கணக்கெடுப்பிலும் வருவதில்லை.

ராயபுரத்திலிருந்து பெரும்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 25 கிலோமீட்டர். ஹோமருக்கு அது இருபது நிமிடப் பறப்பு. கூண்டோடு கொண்டுபோய் அடைத்து வைத்த பறவை, கதவு திறந்த அன்று, வட்டமிட்டு உயர்ந்து வடக்கே திரும்பும். அங்கே மாடி இருக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மொட்டைமாடியில் கூண்டு வைக்கும் உரிமையும் தனிக் குடும்பத்துக்குக் கிடையாது. எனவே வளர்ப்பவருக்கு எஞ்சும் வழிகள் இரண்டு. பழைய பேட்டையில் உறவுக்காரர் மாடியில் கூண்டை விட்டு வைத்து, இரண்டு பேருந்து மாறி வந்து தீனி போடுவது. அல்லது பறவைகளை இனவிருத்திக்கு விற்றுவிட்டுக் குஞ்சிலிருந்து மறுபடி தொடங்குவது. எப்படிப் பார்த்தாலும், அந்தப் பறவையின் ஆட்ட வாழ்வு அன்றோடு நிற்கிறது. சிறகில் குறையில்லை, முகவரி இல்லை.

இங்கேதான் கிரேஹவுண்டோடு செய்த ஒப்பீடு தன் முழுப் பொருளைத் தருகிறது. அரங்கம் மூடினால் நாயை அடுத்த அரங்கத்துக்கு ஓட்டிப்போகலாம். அழிவது ஒரு நிறுவனம். மாடி போனால் அழிவது அந்த ஒரு பறவை சேர்த்த அறிவு. எல்லைக்கோட்டை வீட்டுக்குள் வைத்துக்கொண்டதால் வாடகையிலிருந்தும் கம்பெனியிலிருந்தும் தப்பிய இந்த ஆட்டம், அதே காரணத்தால் வீட்டு உரிமையின் நடுக்கம் முழுவதையும் தானும் சுமக்கிறது.

8. முடிவுரை

ஹோமர் புறாவின் சாம்பியன் பட்டம் மூன்று ஆவணங்கள் சந்திக்கும் புள்ளியில் உருவாகிறது: வளையத்தின் எண், கடிகாரத்தின் அச்சு, மாடியின் அட்சரேகை தீர்க்கரேகை. முதல் இரண்டும் பறவையோடு போகக்கூடியவை. மூன்றாவது போகாது. பந்தய விலங்குகளின் வரலாற்றை வேகத்தின் வரலாறாக எழுதும் மரபு இந்த மூன்றாவது ஆவணத்தைக் கவனிக்கத் தவறியது. வடசென்னையின் தொழிலாளர் வரலாறும், ஆலை, சங்கம், வேலைநிறுத்தம் என்று தரையில் நடந்தவற்றை எழுதிய அளவுக்கு, மாடியில் நடந்ததை எழுதவில்லை.

செய்ய வேண்டியது எளிய வேலை. எந்த ஆண்டு, எந்த வளையம், எங்கே திறந்தது, எவ்வளவு தூரம், எத்தனை மணிக்கு இறங்கியது என்று கோடு போட்ட நோட்டுகளில் புறாக்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வீடு மாறும்போது முதலில் எடைக்குப் போகிறவை அவையே. ஒவ்வொரு நோட்டும் ஒரு மாடியின் இருப்பிடத்தைக் கிலோமீட்டர் சுத்தமாகப் பதிந்திருக்கும் சான்று. அந்த மாடி இன்று இல்லாவிட்டாலும், ஓங்கோலிலிருந்து அதற்கு எவ்வளவு தூரம் என்பது அதில் இருக்கிறது. பழைய பேட்டைகளின் வரைபடத்தை மீட்டெழுத விரும்பும் ஆய்வாளர், பட்டா ஏட்டைத் தேடும் முன் அந்த நோட்டுகளைக் கேட்டு வாங்கிப் படியெடுக்கட்டும்.